போடாத சர்க்கரை

துளசிமணி தன் சாக்லேட்டில் போடாமல் விட்ட சர்க்கரையெல்லாம் அவள் வீட்டுக் கிணற்றில் வந்து சேர்ந்தபோது சுள்ளிமேட்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிளந்தவர்களும் குடிப்பதற்காகத்தான் பிளந்தார்கள். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடக்கிற அந்த ஊர், தலைமுறை தலைமுறையாக ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரைக் குடித்து, உப்புத் தண்ணீரில் குளித்து, உப்புப் படிந்த குடங்களைச் சீரோடு சீராகப் பெண்களுக்குக் கொடுத்தனுப்பிய ஊர். தண்ணீர் ஒருநாள் இனித்தால் இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்குமே தவிர எப்படி வந்தாய் என்று கேட்காது. அதற்கு முந்தின வருஷம்தான் பஞ்சாயத்து துளசிமணி வீட்டுத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஊர்த் தொட்டிக்குக் குழாய் போட்டிருந்தது. பெண்கள் வழக்கம்போலக் குடங்களைக் கழுவிக்கொண்டு குழாயடியில் வரிசையில் நின்றார்கள்.

திருமூர்த்தியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ஆபத்திலிருப்பது அவன் கால். துளசிமணியின் புருஷன், கல்யாண வீட்டில் ஜாங்கிரி வாளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துப் பந்தியில் உட்காருகிறவன், எழவு வீட்டுக்குப் போனாலும் காரியத்தன்றைக்கு என்ன பலகாரம் என்று விசாரித்துவிட்டு வருகிறவன். அப்பேர்ப்பட்டவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது; வராமல் இருந்திருந்தால் அதைத்தான் அதிசயம் என்று சொல்ல வேண்டும். அன்று முதல் துளசிமணி அந்த வீட்டில் போலீஸ் வேலை பார்த்தாள். அவன் சட்டைப் பைகளைத் துழாவினாள், வெல்லப் பானையைப் பரணில் ஏற்றினாள், கல்யாணப் பத்திரிகைகளை அவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள். பிறகு தோப்பில் தென்னை மட்டை கிழித்த புண்ணொன்று காலில் ஆறாமல் நின்றது. இனி ஒரு பொட்டுச் சர்க்கரை உள்ளே போனாலும் விரல் போகும், விரலோடு நிற்காமல் பாதமும் போகும் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

அவர்கள் தோப்பில் தென்னைக்கு ஊடே கோகோ இருந்தது. காயை உடைத்துக் கொட்டையைக் கம்பெனிக்காரனுக்குப் போடுவதோடு சரி; அதிலிருந்து சாக்லேட் வருகிறது என்பதை ஏதோ தூரத்து உறவுக்காரன் கலெக்டர் ஆன செய்தியைப் போலக் கேட்டு வைத்திருந்தார்கள். ஒருநாள் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு திருமூர்த்தி சொன்னான்:

“கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறாப்பல ஆச்சு என்ற பொழப்பு. நம்ம தோப்புக் காய்ல, சர்க்கரையே இல்லாம, ஒரு துண்டு சாக்லேட்டுப் பண்ணிக் குடுக்க முடியாதா அம்மிணி?”

துளசிமணி கோயமுத்தூர் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தாள். கொட்டையை வாழையிலை மூடிப் புளிக்க வைத்தாள், வாசலில் காய வைத்தாள், இரும்புச் சட்டியில் வறுத்தாள், முறத்தில் புடைத்துத் தொலி நீக்கினாள், தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த கிரைண்டரில் போட்டு ராப்பகலாக ஓட விட்டாள். இட்லிக்கு அரைத்து அரைத்து வழவழத்துப் போயிருந்த அந்தக் கல், கோகோவைக் கண்டதும் என்ன நினைத்ததோ, முனகிக்கொண்டே அரைத்துக் கொடுத்தது. தேங்காய்ப்பால் பொடி கொஞ்சம் சேர்த்தாள். சர்க்கரை மட்டும் சேர்க்கவில்லை.

அதைச் சேர்க்காமல் இருந்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். வகுப்பில் சொல்லிக் கொடுத்த பக்குவத்தில் சர்க்கரை இருந்தது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அவள் டப்பாவைத் திறந்து, வகுப்பில் சொன்ன அளவுக்குச் சர்க்கரையைத் தராசில் போட்டு நிறுத்து, கிண்ணத்தோடு கிரைண்டர் பக்கம் போவாள். பாவம் மனுஷன், எத்தனை வருஷமாயிற்று, ஒரே ஒரு கை போட்டால் என்ன என்று நினைப்பாள். பிறகு வெள்ளைத் துணி சுற்றிய அந்தக் கால் நினைவுக்கு வரும். கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுபோய் டப்பாவிலேயே கொட்டி மூடுவாள். டப்பாவில் சர்க்கரை ஒரு மணி குறைந்ததில்லை. அப்படியிருந்தும் அது கிணற்றுக்குப் போனது எப்படி என்று கணக்குக் கேட்கிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சுள்ளிமேட்டில் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

முதல் துண்டைத் திருமூர்த்தி வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. “நல்லாருக்குது அம்மிணி,” என்றான். அவனுடைய அண்ணன் ராக்கியப்பன், ஊருக்குப் பெரிய மனிதர், அந்தக் கிணற்றில் பாதிக்குச் சொந்தக்காரர், ஒரு துண்டைத் தின்றுவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினார். “வேப்பங்கொட்டையத் தின்னுட்டு அதும்மேல கசாயங் குடிச்சாப்பல இருக்குதும்மா,” என்றார். ஊரும் அதைத்தான் சொன்னது. ஆனால் பெங்களூரில் வேலையிலிருந்த மகள் அதைப் படம் பிடித்து, வெள்ளிக் காகிதத்தில் சுற்றி, ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதி ஊர் உலகத்துக்குக் காட்டியதும், கசப்பைக் காசு கொடுத்து வாங்குகிற பட்டணத்து ஜனங்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். துளசிமணி மாட்டுக் கொட்டகையைக் கழுவி ஓடு மாற்றிச் சாக்லேட் கொட்டகை ஆக்கினாள். இன்னும் இரண்டு கிரைண்டர் வந்தது.

கிணறு இனிக்கத் தொடங்கியது அப்போதுதான். முதலில் எறும்புகள் வந்தன. கிணற்றின் உள்சுவரில் கல்லிடுக்கு வழியாக, யாரோ கோடு போட்டுக் கொடுத்ததுபோல, தண்ணீர் மட்டம் வரைக்கும் இறங்கி நின்று குடித்தன. அப்புறம் டீக்கடை மாசிலாமணியிடம் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள், ஏன் இத்தனை சர்க்கரை போடுகிறாய், நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று. மாசிலாமணி தண்ணீரைத் தனியாக ஊற்றிக் குடித்துப் பார்த்தான், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டான், விலையைக் குறைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் ஊரில் எல்லா அடுப்பும் அப்படியே பழகிக்கொண்டன. சாம்பார் இனித்தது, மிளகாயைக் கூட்டினார்கள். ரசம் இனித்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாததால் ரசத்தையே கைவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு இனித்தது. விருந்துக்கு வந்த ஒறம்பரைகளிடம் இது பாலக்காட்டுப் பக்குவம் என்று கூசாமல் சொன்னார்கள். ரேஷன் சர்க்கரையை வாங்கிப் பக்கத்து ஊரில் விற்றார்கள். கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள், எறும்பு ஏறாமலிருக்க. அந்தத் தண்ணீருக்கே எறும்பு வந்ததால் பிறகு மண்ணெண்ணெய் வைத்தார்கள். மாரியம்மனுக்கு அபிஷேகம் செய்த தண்ணீரைப் பிடித்துத் தீர்த்தம் என்று கொடுத்த பூசாரிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவனும் மாசிலாமணிதான். துளசிமணி அதிகம் அரைத்த வாரம் டீ அதிகம் இனித்தது; கிரைண்டரில் பெல்ட் அறுந்து அவள் நான்கைந்து நாள் சும்மா உட்கார்ந்து, அசந்து தூங்கி எழுந்த வாரம் டீ சப்பென்று போனது. “அந்தம்மா அங்க போடாததுதானுங்க இங்க வருது,” என்று அவன் சொன்னான். எல்லோரும் ஆமாம் அதுதானே என்றார்கள், ஏதோ முன்னமே தெரிந்த விஷயத்தைப் போல. அதே நாளில் கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்து பெல்ட்டை மாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். கொட்டகைக்குத் தனிக் கரண்ட் லைன் வாங்கிக் கொடுத்தவர் ராக்கியப்பன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போன்ற வியாபாரத்தை எந்தக் கம்பெனியும் கண்டிருக்காது. தாங்கள் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காத சாக்லேட்டைச் சுள்ளிமேட்டு ஜனங்கள் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் விற்றார்கள். அரைத்தது விற்றால்தானே அவள் மறுபடி அரைப்பாள், மறுபடி அரைத்தால்தானே மறுபடி போடாமல் விடுவாள். திருப்பூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனால் பழத்தோடு சாக்லேட், பழனிக்குப் பாதயாத்திரை போனால் காவடியோடு சாக்லேட். சர்க்கரை எத்தனை கெடுதல், அது எப்படி ரத்தத்தைக் கெடுக்கும், கண்ணைக் கெடுக்கும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து பாகுபோல ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அதைப் போட்டுக் கொடுக்க, கசப்பைக் கொடுத்து அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு, பையை அங்கேயே வைத்துவிட்டுப் பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்கள். இதற்கு நடுவே ஆஸ்பத்திரி வேன் ஒன்று வந்து ஊரில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றது. பாதிப் பேருக்கு இருந்தால் அது நோயில்லை, ஊர்வாகு என்று ராக்கியப்பன் தீர்ப்புச் சொல்லி, மிஷின் கோளாறாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொல்லி வேனை அனுப்பி வைத்தார்.

திருமூர்த்தியின் புண் ஆறவில்லை.

துளசிமணி அவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆனைமலையிலிருந்து கேனில் தண்ணீர் வரவழைத்தாள். ராகிக் களியும் கீரையும் பாகற்காயும் தவிர வேறெதையும் அவன் தட்டில் வைக்கவில்லை. இருந்தும் சர்க்கரை ஏறியது. அவன்தான் எங்கேயோ திருடித் தின்கிறான் என்று அவள் முடிவுகட்டி, தலையணை உறையைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். “மாரியம்மா மேல சத்தியமாச் சொல்றன், நா எதையும் தொடுல,” என்றான் அவன். “உங்க சத்தியம் எனக்குத் தெரியாதுங்களா,” என்றாள் அவள். அவனுக்கு அது வலித்தது. திருடாமல் திருட்டுப் பட்டம் சுமப்பது திருடுவதைவிடக் கஷ்டம்.

விரல் கறுத்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கத்தினார். என்னதான் சாப்பிடுகிறார் என்று கேட்டு, துளசிமணி கொண்டு வந்திருந்த தூக்குப்போசியைத் திறந்து, பாகற்காய்ப் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்மா, இதுல சர்க்கரை போட்டிருக்கியா?”

“நா எதுலயும் சர்க்கரை போடறதில்லீங்க டாக்டரம்மா,” என்றாள் துளசிமணி. “போடாததுதானுங்க எல்லாத்துலயும் இருக்குது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கேன் தண்ணீர் வாங்கி என்ன பிரயோஜனம்? பாகற்காய் கிணற்றுத் தண்ணீரில் காய்த்தது, கீரை கிணற்றுத் தண்ணீரில் தழைத்தது, பசு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பால் கறந்தது. அவனிடமிருந்து அவள் பிடுங்கிப் பிடுங்கி வைத்த இனிப்பு முழுவதும் சுற்றுவழியில் போய் அவன் தட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்கு ஒரு விரலை எடுத்தார்கள். அடுத்த தடவை பாதத்தோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பியதும் துளசிமணி கிரைண்டர்களை நிறுத்தினாள். கோயில் வாசலில் ஊர் கூடியது.

“ஏம்மா துளசி,” என்றார் ராக்கியப்பன், “ஒருத்தன் காலுக்காவ ஊரே வாயைக் கட்டோணும்னா அது ஞாயமா, நீயே சொல்லு.”

“என்ற புருசனுங்க மாமா.”

“எனக்கும் தம்பிதான், நா இல்லீங்கலையே. போனாப் போவுது, நல்ல கட்டைக்காலா, வெளிநாட்டுச் சாமானா, ஊர்ல வரி போட்டு வாங்கிக் குடுத்தர்றோம். அதுல புண்ணுங்கறதே வராது பாரு.”

கூட்டம் மனசாரத் தலையாட்டியது. இரண்டாக வாங்கி வைத்துவிட்டால் பின்னால் அலைய வேண்டாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துளசிமணி எழுந்து, “கெரைண்டர் ஓடாதுங்க,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கிரைண்டர் நின்றது, கிணறு நிற்கவில்லை. நிற்காதது மட்டுமல்ல, முன்னைக்கு இப்போது இன்னும் கெட்டியாக இனித்தது; வாளியில் இறைத்த தண்ணீர் விரலில் நூல்போல இழுபட்டது. ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, கட்டைக்காலுக்கு விசாரிக்கப் போனவனைப் பாதி வழியில் திரும்பி வரச் சொன்னது. துளசிமணிதான் இடிந்துபோனாள். பெல்ட் அறுந்த வாரத்தில் அவள் மனசும் சேர்ந்து ஓய்ந்திருந்தது. இப்போது கை ஓய்ந்திருந்தது, மனசு ஓயவில்லை. ஒரு விரல் குறைந்த காலோடு அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எதையாவது கொடுக்க வேண்டும் என்று அது அடித்துக்கொண்டது. கசப்புச் சாக்லேட்கூட இல்லை இப்போது. கொடுக்க நினைத்துக் கொடுக்காமல் விட்டதெல்லாம் கிணற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

திருமூர்த்தி நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வீட்டிலிருப்பவர்களின் மனசு படிக்கக் கிடைக்கும்.

“அம்மிணி, ஒருவாட்டி சர்க்கரை போட்டுப் பண்ணு,” என்றான் ஒரு காலையில்.

“சாகறதுக்கு நாள் பாக்கறீங்களா?”

“நா திங்கப்போறது ஒரே துண்டு. கெரைண்டர நிறுத்தறதுல இல்ல புள்ள சமாச்சாரம். அளந்தத அளந்தபடி உன்ற கை ஒருக்காப் போட்டுப் பாக்கட்டும்.”

அவள் திட்டினாள், மாட்டேன் என்றாள், மத்தியானம் சோறு பரிமாறாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் எழுந்து கொட்டையை வறுத்தாள். மறுநாள் கல்லில் கோகோ இளகி ஓடும்போது டப்பாவைத் திறந்து, தராசில் நிறுத்து, கிண்ணத்தோடு போய் நின்றாள். கை திரும்பி வரப் பார்த்தது. கொட்டினாள். கல்லுக்கு அடியில் சர்க்கரை நறநறவென்று அரைபட்ட சத்தத்தில் அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, இத்தனை வருஷம் அடக்கியதில் பாதி. யாரும் பார்க்கவில்லை என்பதால் சத்தமாகவே அழுதாள்.

தட்டில் உறைந்த சாக்லேட்டில் ஒரு துண்டை உடைத்து அவன் கையில் கொடுத்தாள். திருமூர்த்தி அதை வாயில் போட்டான். போட்ட கையோடு முகத்தைச் சுளித்து, உள்ளங்கையில் துப்பிவிட்டு, தண்ணீர் கேட்டு வாய் கொப்பளித்தான்.

“என்ன புள்ள இது! தொண்டையக் காறுது. இதுக்கா நா இத்தன வருசம் செத்தேன்? உன்ற கசப்புக்கு இது ஒறை போடக் காணாது. இனி இந்த எழவ எனக்குக் காட்டாத.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“பின்ன? நாக்கு மாறிப்போச்சு அம்மிணி. எனக்கு இனிப்புன்னாலே ஆவல.”

துளசிமணி அவனை உற்றுப் பார்த்தாள். அவன் மீதித் துண்டுகளைத் தட்டோடு தள்ளிவைத்துவிட்டு, பழைய கசப்பில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டான். அவளுக்கு ஒரு மலையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அப்படியானால் அவள் அவனுக்கு எதையும் மறுக்கவில்லை. அவனுக்குப் பிடித்ததைத்தான் இத்தனை நாளும் கொடுத்திருக்கிறாள். சந்தோஷத்தில் சிரித்தாள். சர்க்கரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டு வந்து, மறுவாரம் கிரைண்டரை ஓட்டினாள், தராசைத் தொடவில்லை. கோகோ, தேங்காய்ப்பால் பொடி, அவ்வளவுதான்.

கிணறு வெறும் கிணறாயிற்று. மாசிலாமணி கொடுத்த டீயைக் குடித்தவர்கள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். சாம்பார் சாம்பாராக வந்தது. அதைத் தின்று பழக்கமில்லாத பிள்ளைகள் அழுதன. தலைவலி என்று படுத்தவர்கள், காரணமில்லாமல் மனைவியை அடிக்கப் போனவர்கள், பக்கத்து ஊருக்குப் போய்த் தாங்கள் விற்ற ரேஷன் சர்க்கரையையே கூடுதல் விலைக்கு வாங்கி வந்தவர்கள் என்று ஊர் தவித்தது. ராக்கியப்பன் சொந்தமாகக் கிரைண்டர் வாங்கிப் போட்டு, கோகோவைக் கொட்டி, ஊர் பார்க்கச் சர்க்கரையை நிறுத்துத் திருப்பி டப்பாவில் கொட்டினார். கிணறு அசையவில்லை. அளவு போதவில்லை போலும் என்று மூட்டை மூட்டையாக நிறுத்து மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கொட்டினார்கள். சாக்லேட்டில் மட்டும் என்ன இருக்கிறது என்று பாயசத்தில் போடாமல் பார்த்தார்கள், கேசரியில் போடாமல் பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“போடாம இருந்தா மட்டும் பத்தாதுங்க,” என்றான் மாசிலாமணி கடைசியில். “போட்டுக் குடுக்கோணும்னு உசுரு துடிக்கோணும், துடிக்கறப்ப கையை மடக்கோணும். நம்மள்ல ஆருக்குங்க அப்பிடி? அந்தம்மாவுக்கு இருந்துச்சு. அந்த மனுசன் எனக்கு ஆசையே இல்லைன்னு சொல்லிப்போட்டாருல்ல, அதோட போச்சு.”

அப்படியானால் வழி சுலபம் என்று ஊருக்குப் பட்டது. திருமூர்த்திக்கு ஆசை வர வேண்டும், அவ்வளவுதானே.

தாம்பாளத்தில் ஜாங்கிரி, மைசூர்பாகு, நெய் வடிகிற அதிரசம் என்று அடுக்கிக்கொண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்களைப் போலத் தாம்பாளத்தை நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். திருமூர்த்தியின் கால் ஸ்டூல் மேல் இருந்தது. புண் உலர்ந்து, ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாகக் கட்டத் தொடங்கியிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

“தம்பி,” என்றார் ராக்கியப்பன், குரல் தழுதழுக்க. “திங்கச் சொல்லலடா. தின்னா உன்ற காலுக்கு ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க என்ன ராட்சசனுங்களா? ஆசை மட்டும் படு. ஊருக்காவ.”

திருமூர்த்தி தாம்பாளத்தைப் பார்த்தான். ஜாங்கிரி அன்று காலையில் பிழிந்தது. முறுக்குக்கு முறுக்கு பாகு நின்று மினுங்கியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“வரலீங்ணா,” என்றான்.

“நல்லாப் பாருடா.”

“பாத்துட்டனுங்ணா. கல்லைப் பாக்கறாப்பல இருக்குது.”

எதற்கும் கிணற்றைப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பார்ப்பதற்குத் துளசிமணியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இத்தனை காலம் பாகைக் குடித்துத் தடித்துப்போன நாக்குகளில் ஒன்றுக்கும் மெல்லிய இனிப்பு பிடிபடாது. தினமும் கசப்பைத் தின்று நாக்கைப் பழுதில்லாமல் வைத்திருந்தவர்கள் அந்த ஊரிலேயே அந்த இரண்டு பேர்தான். அவள் வந்தாள். கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, சொம்பில் ஊற்றி, சுற்றி நின்ற அத்தனை முகங்களுக்கும் நடுவே ஒரு வாய் குடித்தாள்.

இனித்தது.

மெல்லிசாகத்தான். ஒரே ஒரு ஜாங்கிரி அளவுக்கு. அவள் போடாததோ மடக்கியதோ இல்லை. அவளுக்கு இப்போது மடக்க ஒன்றுமில்லை. இது வேறு யாரோ, உள்ளே, நாற்காலியில் உட்கார்ந்து, இந்த நிமிஷம் அடக்கிக்கொண்டிருக்கிற இனிப்பு. துளசிமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது, எத்தனை பெரிய பொய்யன், துப்பிக் காட்டி, வாய் கொப்பளித்துக் காட்டி! அந்தக் கோபத்துக்குப் பின்னாலேயே பிரியம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் மேல் அவளுக்கு இத்தனை பிரியம் ஒரே சமயத்தில் வந்ததில்லை. ஊர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சொம்பிலிருந்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வாளியில் மீதியிருந்ததைத் தென்னை மரத்து வேரில் கவிழ்த்தாள்.

“சப்புன்னு இருக்குதுங்க,” என்றாள்.

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். பாதி வழியில் நின்று, வீணாகப் போகக் கூடாது என்று ஜாங்கிரிகளைத் தின்றார்கள். துளசிமணி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்ன சொல்லுது கெணறு?” என்றான் திருமூர்த்தி.

“சப்புன்னு கெடக்குது.”

“நாந்தான் சொன்னனே,” என்றான் அவன், எச்சிலை விழுங்கியபடி. “ஆசையே இல்லைன்னு.”

“ஆமாங்க,” என்றாள் துளசிமணி. “உங்களுக்குத்தான் பொய்யே சொல்ல வராதே.” கசப்பில் ஒரு துண்டை உடைத்து அவன் கையில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அவன் கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மென்றாள்.